ஆறு பென்ஸும் ஒரு லாக்கூரும்

எங்கள் குடும்பத்தில் உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர் ஏழு ஆண்டுகள் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் இருந்ததற்குக் காரணம் ஒரே ஒரு சொல். என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு மொரீஷியஸ் தீவில் ஃப்ளாக் பக்கம் ஓர் அர்ப்பான் நிலம் இருந்தது. அர்ப்பான் என்றால் நூறு பெர்ஷ், ஏறக்குறைய 4,200 சதுர மீட்டர். அதில் அறுபது பெர்ஷ் கரும்பு. மீதி நாற்பது பெர்ஷ் வேலிக்குள் இருந்தது. பாதி கல்லும் பாதி தகரமுமான வீடு அந்த வேலிக்குள்தான். இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு பாட்டி பத்திரம் எழுதும் நோட்டேரை வரவழைத்து, தன்னைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட கடைசி மகளுக்கு, அதாவது என் சின்ன அத்தைக்கு, ‘லாகாஸ் எக் லாக்கூர்’, அதாவது வீடும் லாக்கூரும், சேர வேண்டும் என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார். நோட்டேர் அதைப் பிரெஞ்சில் எழுதினார். பாட்டி பெருவிரல் ரேகை வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

பிரெஞ்சுக்காரர் எழுதும் ‘கூர்’ வீட்டை ஒட்டிய முற்றம். மொரீஷியஸ்காரர் சொல்லும் லாக்கூர் வேலிக்கு உட்பட்டது முழுவதும்: முன்வாசல், பின்கொல்லை, கிணறு, ஆட்டுக்கொட்டகை, மாமரம், மாமரத்தடியில் இருந்த காளியம்மாவின் கல் உட்பட. பெரியப்பா முற்றம் என்றார். அத்தை வேலி என்றார். நிலம் அளக்கும் ஆர்ப்பாந்தேர் ஒரு சனிக்கிழமை வந்து, மாமரத்துக்கு இந்தப் பக்கம் இரும்பு முளையை அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அந்த முளை மாமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. யார் பிடுங்கி நட்டார்கள் என்பது இன்றுவரை எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்காகச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவில் வாரிசுரிமை நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்தின் வழியில் நடக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் டெக்கான் 1805ஆம் ஆண்டு இங்கே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1810ஆம் ஆண்டு தீவைப் பிடித்த ஆங்கிலேயர், மக்களின் சட்டத்திலும் வழக்கத்திலும் கை வைப்பதில்லை என்று சரணடைவு உடன்படிக்கையிலேயே ஒப்புக்கொண்டதால், அரசர் மாறியும் சட்டம் மாறவில்லை. அந்தச் சட்டத்தில் பெற்றோர் தம் சொத்து முழுவதையும் விருப்பம்போல் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பிள்ளை ஒருவர் என்றால் பாதியையும், இருவர் என்றால் மூன்றில் ஒரு பங்கையும், மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கில் ஒரு பங்கையும் மட்டுமே மனம்போல் கொடுக்கலாம். மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக ஒதுக்கப்பட்டது. பாட்டிக்குப் பிள்ளைகள் ஐவர். எனவே லாக்கூர் என்பது முற்றம் என்றால் உயில் கால் பங்குக்குள் அடங்கிவிடும். வேலி என்றால் அது கால் பங்கைத் தாண்டும், தாண்டிய அளவுக்கு வெட்டிக் குறைக்கப்படும். சொல்லின் பொருள் எத்தனை பெர்ஷ் என்பதை வைத்துத்தான் உயிலின் ஆயுளே இருந்தது.

இந்தப் பழைய புண்ணை நான் இப்போது கிளறுவதற்குக் காரணம் என் மகள். அவள் மேன் தீவின் தலைநகரான டக்ளஸில் கணக்குத் துறையில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுப் பணத்தை நிர்வகிக்கும் தொழில் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. எங்கள் பிள்ளைகள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போவது அந்த வழியாகத்தான். குளிர்கால விடுமுறை நாட்களில் வேறு போக்கிடம் இல்லாமல் அவள் அங்குள்ள அருங்காட்சியகத்தின் வாசக சாலைக்குப் போய், 18ஆம் நூற்றாண்டு உயில்களை நுண்படச் சுருளில் பார்க்கத் தொடங்கினாள். ஒருநாள் தொலைபேசியில், “அம்மா, நம்ம லாக்கூர் சண்டை இங்கே இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்கு” என்றாள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட வேறு வேலை என்ன இருக்கிறது? அவள் அனுப்ப அனுப்ப, நான் படிக்கப் படிக்க, ஓராண்டு போய்விட்டது.

மேன் தீவு எங்கள் தீவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 572 சதுர கிலோமீட்டர், பதினேழு பழைய திருச்சபை வட்டங்கள். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கிடந்தாலும் அது இங்கிலாந்தின் பகுதியாக இருந்ததில்லை. அதற்குத் தனிப் பேரவை உண்டு, தனிச் சட்டம் உண்டு. வழக்கு முற்றினால் கடைசியாக லண்டனில் உள்ள அரசரின் ஆலோசனைக் குழுவுக்குத்தான் போக வேண்டும். நாங்களும் சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும் கடைசி மேல்முறையீட்டுக்கு அதே படிகளைத்தான் ஏறுகிறோம்.

18ஆம் நூற்றாண்டு அந்தத் தீவில் உயில்களுக்கும் பங்காளிச் சண்டைகளுக்கும் வளமான நூற்றாண்டு ஆனதற்கு நல்ல காரணம் இருக்கிறது. சண்டை போட வேண்டும் என்றால் முதலில் சொத்து நம்முடையதாக இருக்க வேண்டும். தீவு முழுவதும் டெர்பி பிரபுக் குடும்பத்தின் உடைமை. குடியானவர் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தைத் தம்முடையது என்றே எண்ணி வந்தார்கள். நீதிமன்றத்தில் ஒரு வைக்கோல் துரும்பைக் கைமாற்றினால் நிலம் கைமாறியதாகப் பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஏழாம் டெர்பி பிரபு, அதெல்லாம் வெறும் வழக்கம், இனிமேல் காலவரையறை உள்ள குத்தகைதான் என்று பிடியை இறுக்கினார். அந்த நெருக்கடி பிள்ளைகள் காலம்வரை நீடித்து, குடியானவர்கள் நிலத்தைச் சீர்செய்வதையே விட்டுவிட்டார்கள். கடைசியில் தீவின் பிஷப் தாமஸ் வில்சன் முன்னின்று பேச, பத்தாம் டெர்பி பிரபு 1704ஆம் ஆண்டு ஓர் ஒப்பந்தச் சட்டத்துக்கு இசைந்தார். நிலம் குடியானவருக்கே பரம்பரை உரிமை. வாடகையும், கைமாறும்போது கட்ட வேண்டிய தொகையும் நிலையானவை. அந்தத் தீவு மக்கள் அதைத் தங்கள் மகாசாசனம் (மாக்னா கார்ட்டா) என்றே கொண்டாடினார்கள்.

எனக்கு இதைப் படித்ததும் என் பாட்டியின் அப்பாதான் நினைவுக்கு வந்தார். ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் மகன் அவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சர்க்கரை விலை சரிந்து, பெருந்தோட்ட முதலாளிகள் ஓரத்து நிலங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, அந்த மோர்சல்மானில் அவர் வாங்கியதுதான் இந்த ஓர் அர்ப்பான். அதற்கு முன் எங்கள் வம்சத்தில் சண்டையே இருந்ததில்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சண்டை போட என்ன இருந்தது? கூலிவரிசையில் ஓர் அறையும் இரண்டு வெண்கலப் பாத்திரமும்தான்.

அந்த நூற்றாண்டில் மேன் தீவின் நில வழக்கம் எங்கள் சிவில் சட்டத்துக்கு நேர் எதிராக இருந்தது. நிலம் துண்டாகாது. மூத்த மகனுக்கு முழுவதும் போகும். மகன் இல்லை என்றால், எத்தனை மகள்கள் இருந்தாலும், மூத்த மகளுக்குப் போகும். அப்பன் வழி வந்த நிலத்தை உயிலால் இஷ்டம்போல் திருப்பிவிட முடியாது. தானே வாங்கிய நிலத்தில் கை சற்றுத் தாராளம். இந்த வேறுபாட்டை மகளுக்கு விளக்க எனக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. முதுசம் (முன்னோர் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (தாமே தேடிய சொத்து) என்ற மூன்று சொற்கள் போதுமாக இருந்தன. இந்தச் சொற்கள் வரும் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையை டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் முதலியார்களைக் கேட்டுத் தொகுத்து முடித்தது 1707ஆம் ஆண்டு. மேன் தீவுக் குடியானவர் தம் நில உரிமையை எழுத்தில் வாங்கியதற்கு மூன்றே ஆண்டுகள் பின்பு! அங்கே அதற்கு முந்தைய காலத்தில் எழுதப்படாத வழக்கத்துக்கு ‘நெஞ்சுச் சட்டம்’ என்று பெயர். டீம்ஸ்டர் என்ற நீதிபதியின் நெஞ்சுக்குள் இருப்பது என்று பொருள். அந்த டீம்ஸ்டர் பதவியேற்கும்போது, ஹெர்ரிங் மீனின் நடுமுள் எப்படி இரு பக்கத்துக்கும் நடுவில் கிடக்கிறதோ அப்படி நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்வேன் என்று சத்தியம் செய்வார், இன்றும் செய்கிறார். எங்கள் ஊரில் அந்தப் பெரியப்பாவையும் அத்தையையும் பஞ்சாயத்துப் பேசி வைக்க வந்தவர்களுக்கு இந்த மீன்முள் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

பெண்களின் உரிமையைப் பற்றிப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இங்கிலாந்தில் திருமணமான பெண்ணின் உடைமை கணவனுடையதாகக் கரைந்துபோன அதே காலத்தில், மேன் தீவில் கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவி தனக்கென்று உயில் எழுதலாம். வீட்டுச் சொத்தில், அதாவது தட்டுமுட்டுச் சாமான், கால்நடை, தானியம் ஆகியவற்றில், பாதியை அவள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதை எழுதிவைத்தவர் பிஷப் வில்சனே. வடக்கே உள்ள ஆறு வட்டங்களில் மட்டும், பிள்ளை பெற்ற மனைவிக்குக் கால்நடையில் மூன்றில் ஒரு பங்குதானாம். தெற்குப் பெண்கள் முன்னொரு காலத்தில் போர்க்களத்தில் கணவர்களுக்குத் துணை நின்றார்கள், அதற்குக் கிடைத்த பரிசு இந்தக் கூடுதல் பங்கு என்று ஊர்க்கதை சொல்கிறது. கணவன் இறந்தால், முதல் மனைவிக்கு நிலத்தில் பாதி அனுபவ உரிமை. இரண்டாவது அல்லது மூன்றாவது மனைவி என்றால் கால் பங்கு. மறுமணம் செய்துகொண்டால் அந்த உரிமை போய்விடும். மேலும், அந்த ஆவணங்களில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அழிவதில்லை; கணவன் குடும்பப் பெயரோடு, ‘என்கிற’ என்று சேர்த்துப் பிறந்த குடும்பப் பெயரையும் எழுதுகிறார்கள். எங்கள் தீவிலோ கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயர் பதிவேட்டில் குடும்பப் பெயராக உறைந்துபோய், பெண்கள் எல்லோரும் ஏதோ ஓர் ஆண்பிள்ளையின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டிருக்கிறோம்.

அந்த உயில்கள் எப்படி உருவாயின என்பதுதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. நல்ல உடம்போடு இருக்கும்போது யாரும் உயில் எழுதுவதில்லை. படுக்கையில் விழுந்த பிறகு, பாதிரியாரையோ எழுதப் படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாரையோ கூப்பிடுவார்கள். உடல் தளர்ந்திருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது என்று தொடங்கி, ஆன்மாவைக் கடவுளுக்கும் உடலைக் கல்லறைக்கும் ஒப்படைத்துவிட்டு, பிறகு ஆட்டுக்கும் மாட்டுக்கும் வருவார்கள். பாதிரியார் வருவதற்குள் காலம் கடந்துவிட்டால், அருகில் இருந்தவர்களிடம் வாய்மொழியாகச் சொன்னதே உயில். இறந்தவர் இன்னது சொன்னார் என்று இரண்டு சாட்சிகள் பிறகு சத்தியம் செய்தால் போதும். உயில்களை விசாரித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். அதிலும் ஒரு வினோதம்: ஆண்டின் ஒரு பகுதியில் பிஷப்பின் நீதிமன்றமும், மற்றப் பகுதியில் தலைமை டீக்கனின் நீதிமன்றமும் உயில்களை ஏற்றுக்கொண்டன. எனவே எந்த மாதத்தில் இறந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சுருளைத் தேடுவது என்பதே தெரியாது. என் மகள் முதல் மூன்று நாட்களை இப்படித்தான் தொலைத்தாள். உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர், ஒழுங்காக நடந்துகொள்வேன் என்பதற்கு ஜாமீன்தாரர்களைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஊர்க்காரர்கள் சத்தியம் செய்து வீட்டுக்குள் வந்து பானை சட்டிவரை விலைமதிப்பு எழுதுவார்கள்.

இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது. சாகக் கிடந்தவர் பேசியது தீவின் சொந்த மொழியான மேங்க்ஸ். அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் தீவின் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் புரியாது; அதனால்தான் வில்சன் 1707ஆம் ஆண்டு மேங்க்ஸ் மொழியின் முதல் அச்சுப் புத்தகத்தை வெளியிட்டார், அதனால்தான் 1770களில் பைபிள் முழுவதும் அந்த மொழிக்குப் போயிற்று. ஆனால் உயில்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பாயில் படுத்திருப்பவர் ஒரு மொழியில் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மனதுக்குள் திருப்பி இன்னொரு மொழியில் எழுதுகிறார். எழுதியதை மறுபடி சொல்லிக் காட்டும்போது மீண்டும் திருப்புகிறார். இரண்டு முறை ஆற்றைக் கடக்கும் மாட்டின் கழுத்து மணி எங்கே விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது ‘இறந்தவர் அப்படிச் சொல்லவில்லை’ என்ற வாதம். அதைப் பேராசை என்றே முன்பு நினைத்திருந்தேன். இப்போது, பாதி வழக்காவது உண்மையிலேயே காது கேட்டதற்கும் தாள் சொன்னதற்கும் இடையில் விழுந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆறு பென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். உயிலுக்குப் பின் உயிலாக, ‘என் மூத்த மகனுக்கு ஆறு பென்ஸ், மணமான மகளுக்கு ஆறு பென்ஸ்’ என்ற வகையில் வரிகள் வரும். சில உயில்களில் ஒரு ஷில்லிங். அந்தத் தீவின் காசுக் கணக்கில் ஓர் ஆங்கில ஷில்லிங்குக்குப் பதினான்கு பென்ஸ். எனவே அவர்களுடைய ஆறு பென்ஸ் இங்கிலாந்தின் ஆறு பென்ஸைவிடவும் சிறியது. முதலில் படித்தபோது, கோபத்தில் முகத்தில் விட்டெறிந்த சில்லறை என்றுதான் எனக்குத் தோன்றியது. என் மகளுக்கும் அப்படித்தான். பிறகு குடும்பம் குடும்பமாகச் சேர்த்துப் படித்தபோது வேறொன்று புரிந்தது. மூத்தவனுக்கு நிலம் வழக்கப்படியே போகும். அதை உயிலில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. மணமான மகளுக்குக் கல்யாணத்தன்றே பசுவும் படுக்கையும் போயிருக்கும். ஆகவே பெற்றவர்கள் மிச்சச் சாமான் முழுவதற்கும், இன்னும் மணமாகாமல் வீட்டில் இருக்கும் இளைய பிள்ளைகளையே நிறைவேற்றுநராக எழுதுவார்கள். அங்கே நிறைவேற்றுநர் என்றால் மிச்சத்தை எடுத்துக்கொள்பவர் என்றும் பொருள். ஆறு பென்ஸ் வாங்கியவர் விலக்கப்பட்டவர் அல்லர். ஏற்கெனவே பங்கு கொடுத்து முடிக்கப்பட்டவர். பெயரைச் சொல்லி ஆறு பென்ஸ் எழுதிவிட்டால், என்னை மறந்துவிட்டார்கள் என்று நாளைக்கு அவர் நீதிமன்றத்தில் நிற்க முடியாது. அது பூட்டு. அதே சமயம், ‘உன்னை நான் மறக்கவில்லை’ என்பதற்கும் அதுவே சாட்சி.

என் அப்பாவுக்குப் பாட்டியின் உயிலில் பெயர் சொல்லிக் கிடைத்தது ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. உச்சியில் அன்னம் உடைந்த விளக்கு. பெரியப்பாவுக்கு நிலத்தில் பங்கு, அத்தைக்கு லாகாஸ் எக் லாக்கூர், எனக்கு உடைந்த விளக்கு என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சட்டப்படி அவருக்கும் சமபங்கு இருந்ததை அவர் ஒருநாளும் கணக்கில் சேர்க்கவில்லை. சொல்லால் கிடைத்ததைத்தான் எண்ணினார். ஆனால் அவரைப் பள்ளி முடித்த பின் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பப் பாட்டி தன் அட்டிகையை விற்றார் என்பதும், ரோஸ் ஹில்லில் நாங்கள் குடியிருக்கும் இந்த வீட்டுக்கு முன்பணம் பாட்டியின் கரும்புக் காசு என்பதும் அம்மா எனக்குச் சொல்லித் தெரியும். பாட்டிக்கு மேன் தீவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் அந்த விளக்கு அவருடைய ஆறு பென்ஸ். இதை அப்பா இருக்கும்போது எனக்குச் சொல்லத் தெரியாமல் போய்விட்டது.

பெற்றோர்களின் முன்யோசனை அங்கே உயிலில் மட்டும் நிற்கவில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆகும்போதே ஒப்பந்தம் எழுதிப் பண்ணையில் பாதியை இளைய தம்பதிக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைத் தங்கள் ஆயுளுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. கிழவனுக்கும் கிழவிக்கும் குடியிருக்க இடம், ஒரு பசுவுக்கு மேய்ச்சல் என்று நுணுக்கமாக எழுதிவைப்பார்கள். சொந்த மகனோடு இவ்வளவு கறாரா என்று தோன்றலாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பதை அவர்கள் பழமொழியாகச் சொல்லாமல் பத்திரமாகவே எழுதினார்கள். எங்கள் நோட்டேர்கள் இதையே உசுஃப்ருய் என்பார்கள்: பிள்ளைக்கு உடைமை, பெற்றவருக்கு அனுபவம்.

எழுத்து இல்லாத கடன் அவர்களுக்கும் தலைவலிதான். இறந்தவர் எனக்குத் தர வேண்டியது இருந்தது என்று ஒருவர் தாமதமாக வந்து நின்றால், அவர் கல்லறை மேல் மல்லாந்து படுத்து, நெஞ்சில் பைபிளை வைத்துக்கொண்டு, சாட்சிகள் சூழச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. நம் கதையின் நூற்றாண்டுக்கு முன்பே அது ஒழிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரியப்பா கொடுத்ததாகச் சொன்ன கூரைத் தகரக் கடனுக்கு இது நல்ல பரீட்சையாக இருந்திருக்கும். திருச்சபை நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பணியாதவர்களைப் பீல் கோட்டையில் இருந்த பேராலயத்தின் நிலவறையில் அடைத்தார்கள். அந்த அதிகாரமும் நிரந்தரமாக இல்லை. 1722ஆம் ஆண்டு தீவின் ஆளுநரோடு மோதியதில், பிஷப் வில்சனும் உயில்களை விசாரித்துவந்த அவருடைய இரு நீதி அதிகாரிகளும் காசல் ரஷன் கோட்டையில் ஒன்பது வாரம் சிறை வைக்கப்பட்டார்கள். லண்டன் மேல்முறையீட்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. ஆனால் ஈரச் சிறையில் பிஷப்பின் வலக்கை விரல்கள் முடங்கிப்போயின என்கிறார்கள்.

தீவுக்கே ஒரு வாரிசுச் சண்டை நடந்தது என்றால் நம்புவீர்களா? பத்தாம் டெர்பி பிரபு 1736ஆம் ஆண்டு வாரிசு இல்லாமல் இறந்தபோது, பிரபுப் பட்டம் ஆண்வழித் தூரத்துப் பங்காளிக்குப் போயிற்று. தீவோ பெண்வழியாக, ஏழாம் பிரபுவின் மகள் வயிற்றுப் பேரனின் மகனான இரண்டாம் அதால் கோமகனுக்குப் போயிற்று. அவர் 1764இல் இறந்தபோது இருந்த வாரிசு சார்லட் என்ற மகள் ஒருத்திதான். தீவு அவளுக்கு வந்தது. அவள் கணவர் அவளுடைய பெரியப்பா சித்தப்பா வழி உறவே. மறு ஆண்டே, கடத்தல் வியாபாரத்தால் வரி வருமானம் போகிறதே என்று கடுப்பில் இருந்த இங்கிலாந்து அரசு, 70,000 பவுனுக்குத் தீவின் ஆட்சியுரிமையை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. பிறகு அவர்கள் மகன், நான்காம் கோமகன், என் அப்பா அம்மா அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பல ஆண்டுகள் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். எஞ்சியிருந்த உரிமைகளுக்காக 1828ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்தது 4,17,144 பவுன்! ‘அப்பா அவசரப்பட்டு விற்றுவிட்டார், கையெழுத்து எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் பிள்ளைகளை நோட்டேர் அலுவலக வாசலில் நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவரைப் போல வாங்கிக்கொண்டு போனதில்லை.

எங்கள் சண்டை நீதிமன்றத்துக்குள் போகாமலேயே முடிந்தது. ஏழாவது ஆண்டு பெரியப்பாவுக்கு இரண்டாவது முறை மாரடைப்பு வந்தது. அவருடைய மகன் அத்தையிடம் போய், “அத்தே, எல்லையைக் கிணத்தடியில வெச்சுக்கலாமா?” என்று கேட்டான். அத்தை, காளியம்மா கல் தன் பக்கம் இருந்தால் சரி என்றார். மாமரம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பதாகப் பிரெஞ்சில் எழுதப்பட்டது. இம்முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் கிரியோலில் சொல்லச் சொல்லி, பிறகு தமிழில் அத்தையின் காதில் சொன்னேன். நோட்டேர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

இந்த மாதம் என் உயிலை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சட்டத்தில் நோட்டேர் இல்லாமலும் எழுதலாம். முழுவதும் சொந்தக் கையால் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மொழி எது என்று சட்டம் கேட்பதில்லை. பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு ஒரு வழக்கில், பிரெஞ்சு தெரியாத ஜெர்மானியர் ஒருவர் தம் கையாலேயே பிரெஞ்சில் எழுதிவைத்த உயிலை ஏற்கவில்லை; தமக்குப் புரியாத மொழியில் எழுதியது அவருடைய விருப்பத்தின் வெளிப்பாடு ஆகாது என்றது. அங்கிருந்து வரும் தீர்ப்புகளை எங்கள் நீதிபதிகள் மதித்துப் படிப்பார்கள். எனவே தமிழில்தான் எழுதுகிறேன். பிறகு யாராவது மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். மகனுக்கு என்ன, மகளுக்கு என்ன என்பதெல்லாம் எளிதாக வந்துவிட்டது. அன்னம் உடைந்த விளக்கை மகளுக்கு எழுதி, ஏன் அவளுக்கு என்பதையும் நாலு வரியில் எழுதினேன். வீட்டைச் சுற்றியுள்ள இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. முற்றம் என்றால் குறைகிறது; கொல்லை என்றால் பின்பக்கம் மட்டும் ஆகிறது; மனை என்றால் வீட்டையும் விழுங்குகிறது. யாழ்ப்பாணத்துச் சினேகிதி ஒருத்தியைக் கேட்டேன், “வளவு எண்டு எழுதுங்கோ” என்றாள். சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பிள்ளைகளுக்குத் தெரியாது. கடைசியில் ‘லாக்கூர்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் இல்லாமல் பேனாவாலேயே ஒரு கோட்டுப் படம் வரைந்தேன்: தெருக்கதவிலிருந்து நெல்லிமரம்வரை, நெல்லிமரத்திலிருந்து வாய்க்கால்வரை, வாய்க்காலிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர்வரை. நெல்லிமரம் பட்டுப்போனால் என்ன செய்வது என்று நினைத்து, அதன் கீழே உள்ள துவைகல்லையும் வரைந்து வைத்திருக்கிறேன்.